உள்பக்கம் போட்ட கோடு

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் டிரைவரைக் குளியலறை வாசலில் விழுந்த நிலையில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய அடி ஒன்றும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். மனத்தில் பட்ட அடிதான் கொஞ்சம் ஆழம்.

விழவைத்தது அவருடைய ஜீன்ஸ் பேண்ட். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு மாதம் ஆகிறது. வெறுமையாகத் தொங்கும் துணியை மடித்து ஊக்கு குத்தி வைப்பார்கள். அன்று ஊக்கு கழன்றது, துணி ஊன்றுகோலுக்கு அடியில் போய் மாட்டியது, மனிதர் சரிந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் லாரியை எதிலும் உரசாமல் ஓட்டியவர். நிறுத்திய வண்டிக்குப் பின்னால் நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஓட்டிவந்த வண்டியில் காலைக் கொடுத்தார். இப்போது சொந்த பேண்ட் காலை வாருகிறது.

ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தவள் மனைவி. அவளைப் பார்த்துத்தான் அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

"வெட்டிடு."

நான்கு மாதத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் சொல் அது. ஏன் பேசவில்லை என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, காலா உயிரா என்று டாக்டர் கேட்டார். இவள் கையெழுத்துப் போட்டாள். கண் விழித்தவர், "யாரு கையெழுத்துப் போட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான்தான்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு இரண்டடி தூரத்தில் இவள் நிற்கும்போதே, "கிளீனர், தண்ணி வேணும்னு சொல்லு" என்று மகள் வழியாகத்தான் எல்லாம்.

கிளீனர் என்பது அவர்களுடைய ஒரே மகள். சின்ன வயதில் பள்ளி விடுமுறையெல்லாம் லாரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியதால் வந்த பட்டம். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பட்டம் மட்டும் போகவில்லை.

"வெட்டிடு" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் இவள் ஒரு வாரமாக மனத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகளிடம் சொல்லியிருக்கலாமே, என்னிடம்தானே சொன்னார் என்று. பாவம், சந்தோஷப்படுவதற்கு அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

இனி இன்றைய நாள்.

இன்று மதியம் மூன்று மணிக்கு டிரைவர் தன் பழைய கம்பெனிக்குப் போகவேண்டும். வண்டி ஓட்ட அல்ல. எந்த வண்டி எங்கே போகிறது என்று போனில் கேட்டு எழுதும் மேஜை வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். மேனேஜர் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போகாத மனிதர் முதல்முறையாக வெளியே கிளம்புகிறார். லுங்கியோடு போகமுடியாது. மற்ற பேண்ட் அவருக்குப் பழக்கமில்லை. ஜீன்ஸ்தான்.

அதில் ஒரு சிக்கல். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அவர் தன் ஜீன்ஸையெல்லாம் தூக்கி மகளிடம் எறிந்திருந்தார். "உன் வேலைக்கு எடுத்துக்க. எனக்கு எதுக்கு?"

உன் வேலை என்று அவர் சொன்னதும் உண்மைதான். பழைய ஜீன்ஸ் எங்கே கிடைத்தாலும் கிளீனர் விடமாட்டாள். சாப்பாட்டு மேஜைதான் அவளுக்குப் பட்டறை. உப்புத்தாள் போட்டுத் தொடையில் தேய்த்து வெளுக்கவைப்பாள். ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தெறிப்பாள். ஓரத்து நூலை ஊசியால் ஒவ்வொன்றாக உருவிக் குஞ்சம் விடுவாள். பின் பாக்கெட்டைப் பிரித்து முட்டியில் வைத்துத் தைத்து, அதன்மேல் பறவை ஒன்றை எம்பிராய்டரி செய்வாள். அப்பாவின் ஐந்து ஜீன்ஸும் அப்படித்தான் இரண்டு பையாகவும் ஒரு பாவாடையாகவும் கூடப் படிக்கும் பெண்களின் இடுப்பிலுமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு கருநீலம் மட்டும் துவைக்கப் போயிருந்ததால் தப்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போவதும், போன வாரம் அவரை விழவைத்ததும் அதுதான்.

அதைத்தான் இவள் காலையில் எடுத்து மேஜையில் விரித்தாள்.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். ஆனால் சொன்னது என்னிடம் என்ற நினைப்பு விடவில்லை. இதையாவது என் கையால் செய்கிறேன் என்று சாக்பீஸைத் தேடி எடுத்தாள். பேண்ட்டின் முட்டி மடிப்பை வைத்து அளவு பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஆறு விரற்கடை விட்டு, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள். தப்பாகிவிடக் கூடாதே என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசித்தாள். எதிரே நிற்கிற ஆளுக்கு வலது என்றால் எனக்கு இடது. சரிதான்.

கணக்கு சரிதான். ஆனால் பேண்ட் உள்பக்கம் வெளியே திரும்பி இருந்தது.

இவள் லாண்டரியில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள். ஜீன்ஸ் வந்தால் முதல் வேலையாக உள்பக்கம் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் நிறம் போய்விடும். துவைப்பது, காயவைப்பது, இஸ்திரி போடுவது, நம்பர் சீட்டு குத்துவது எல்லாமே உள்பக்கத்தில்தான். வீட்டிலும் அதே பழக்கம். ஜீன்ஸ் என்றால் அவள் கண்ணுக்கு உள்பக்கம்தான் ஜீன்ஸ். துணி திரும்பினால் இடமும் வலமும் சேர்ந்து திரும்பும் என்பது இன்று காலையில் அவளுக்குத் தோன்றவேயில்லை.

கிளீனர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"நீ எதுக்கும்மா கோடு போட்ட? நான் பாத்துக்க மாட்டேனா?"

"அவரு என்கிட்டதான சொன்னாரு. அளவெல்லாம் சரியா இருக்கு. கோட்டு மேலயே வெட்டு."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் பெரிய கத்தரியை எடுத்தாள். ஜீன்ஸ் துணி சுலபத்தில் வெட்டுப்படாது. ஓரத்துத் தையல் தடிமனாக இருக்கும் இடத்தில் கத்தரி நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினாள். கீழ்த்துண்டு மேஜையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

பிறகு பேண்ட்டை வெளிப்பக்கம் திருப்பி உதறிப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா."

"என்னடி?"

"இது இடது காலும்மா."

இவள் கிட்டே வந்து பார்த்தாள். ஜிப்பைப் பார்த்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அறைக் கதவு திறக்கவேண்டும்? டிரைவர் முகம் மழித்து, தலை வாரி, சட்டை போட்டு, ஊன்றுகோலில் வந்து நின்றார். பல நாளைக்குப் பிறகு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"ஆச்சா? கொண்டா பாக்கலாம்."

கையை நீட்டி வாங்கி, இடுப்பில் வைத்து அளவு பார்த்தார். இருக்கிற காலுக்கு நேரே துணி இல்லை. இல்லாத காலுக்கு நேரே முழு நீளத்துக்குத் துணி தொங்கியது.

"யாரு வெட்டினது?"

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரல். இவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கத்தரி மகளின் கையில் இருந்தது.

"நான்தான்பா" என்றாள் கிளீனர்.

"இருக்கறது ஒரு காலு. அதையும் வெட்டிட்டியா?"

"அப்பா, தெரியாம..."

"உங்கம்மா ஒண்ண வெட்டினா, நீ ஒண்ண வெட்டிட்ட. ஆச்சு. இனிமே வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல." பேண்ட்டை மேஜைமேல் வீசினார். நூல் டப்பா உருண்டு போனது. "மேனேஜருக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடு."

கதவு சாத்திக்கொண்டது.

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு போட்டது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று சொல். அந்த மூன்று சொல்லைச் சொன்னால் ஒரு வாரமாகத் திறந்திருந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு காலைக் காகிதத்தில் வெட்டினாய், இன்னொன்றைச் சாக்பீஸால் வெட்டினாயா என்று கேட்பார். அதைக் கேட்கத் தெம்பு இல்லை. மகள் ஏச்சு வாங்கினாலும் பத்து நிமிஷத்தில் அப்பாவும் பெண்ணும் சேர்ந்துவிடுவார்கள். நம் கதை அப்படியா?

இப்படியெல்லாம் நியாயம் வந்து வரிசையில் நின்றது. பயத்துக்கு எப்போதும் நியாயம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள், இருந்த இடத்திலிருந்து அசையாமல்.

"இப்ப வேணாம்மா. மூணு மணிக்குள்ள அவரைக் கிளப்பணும். போயிட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மகள் பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். இவளும் சட்டென்று தலையாட்டினாள். அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதற்காக உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கிளீனர் அதற்குள் தரையில் கிடந்த துண்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். கல்லூரிக்கு மட்டம். முதலில் வலது காலைச் சரியாக வெட்டினாள். இந்த முறை வெளிப்பக்கத்தில், தன் சோப்புச் சில்லால் கோடு போட்டு, அப்பாவுக்கு வலது எது என்று தன் காலில் வைத்துப் பார்த்து. வாயை உள்ளே மடித்து, தட்டையாக இரண்டு வரி தைத்து மூடினாள்.

அப்புறம் இடது கால். வெட்டுப்பட்ட இரண்டையும் நேராக இணைத்தால் தையலுக்குப் போக நீளம் குறையும். அதனால் வலது காலிலிருந்து மிஞ்சிய துணியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்தாள். அதை வளையமாகச் சுற்றி மேலும் கீழும் சேர்த்துத் தைத்தாள். தையல் மெஷின் மூன்று அடுக்குத் துணியில் முக்கி முனகியது. ஓர் ஊசி ஒடிந்தது. இன்னொன்றைப் போட்டாள்.

"ஒட்டுப் போட்டது தெரியுதே" என்றாள் அம்மா.

"தெரியத்தான் செய்யும். மறைச்சா இன்னும் அசிங்கமா இருக்கும். வேணும்னே போட்ட மாதிரி காட்டணும்."

பட்டையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் நூலால் வரிவரியாகக் கையால் தைத்தாள். பட்டையின் நடுவே உப்புத்தாளால் தேய்த்து மங்கவைத்தாள். பழைய பாக்கெட் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தாள், போன் வைக்க. ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தபோது வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் தொடர்ந்தாள். இவள் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். பேசினால் அது எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்குக் கிளீனர் கதவைத் தட்டினாள்.

"அப்பா, போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா போகவேணாம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பெல்ட் கொக்கியின் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் பேண்ட்டைப் போட்டிருந்தார். வலது பக்கம் துணி கச்சிதமாக முடிந்திருந்தது. ஊக்கு இல்லை, தொங்கல் இல்லை. இடது பக்கம் மஞ்சள் வரிகளோடு பட்டை.

"பட்டன் தேஞ்ச டயருக்குப் புதுசா ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ண மாதிரி இருக்கு" என்றார்.

"நல்லாயிருக்கா, இல்லையா?"

"ஓடும்."

கிளீனர் சிரித்துவிட்டாள். அவர் உதட்டோரமும் லேசாக அசைந்தது. இவள் சமையலறை வாசலில் நின்றபடி அதைப் பார்த்தாள். தானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள ஆசையாக இருந்தது.

வாடகைக் கார் வந்து நின்றது.

"நானும் வரட்டுங்களா?"

"வேணாம். கிளீனர் வரட்டும்."

நேராகத்தான் சொன்னார். வாசல்வரை போனவர் நின்று, ஊன்றுகோலைத் திருப்பி, இவளைப் பார்த்தார். அந்தப் பார்வை சும்மா இல்லை. எதற்கோ காத்திருந்தது.

"ஏதாவது சொல்லணுமா?"

காரில் மகள் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். டிரைவர் சீட்டில் இருந்தவன் மணி பார்த்தான். இப்போது சொன்னால் போகிற காரியம் கெட்டுவிடுமே என்று இவள் நினைத்தாள். அப்படித்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. முழு நாள் லீவு சொல்லியிருந்தும் லாண்டரிக்குப் போனாள். மெஷின்கள் ஓடும் சத்தத்தில் நினைப்பு கொஞ்சம் அடங்கும். ஏதோ ஒரு மாணவர் விடுதியிலிருந்து ஒரு மூட்டை ஜீன்ஸ் வந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் திருப்பினாள். கை தானாகத் திருப்பியது. ஒன்றை மட்டும் மேஜையில் விரித்து, இது வலது, இது இடது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, ஜோசியம் பாக்கறீங்களா?" என்றாள் இஸ்திரி மேஜையில் நின்றவள்.

"ஒண்ணுமில்ல."

ஐந்து மணிக்குள் முடிவு செய்துவிட்டாள். வந்ததும் சொல்லிவிடுவது. வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தை அமைத்துப் பார்த்தாள். "கோடு நான்தாங்க போட்டேன், பேண்ட்டு உள்பக்கம் திரும்பி இருந்தத கவனிக்கல." சின்ன வாக்கியம்தான். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் முன்னமேயே வந்துவிட்டிருந்தார்கள். கிளீனர் அம்மாவைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதே பேண்ட்டில்.

"வேலை குடுத்துட்டாங்க" என்றார்.

இவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "நிஜமாவா? எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழம. ஆனா இங்க இல்ல. இன்னொரு ஊர் கிளை. ரயில்ல ஆறு மணி நேரம். குடோனுக்குப் பின்னால ஒரு ரூம் தராங்க. படி கிடையாது."

"சரி, அங்க போய்..." என்று தொடங்கி நிறுத்தினாள். முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். "என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்."

"இல்லங்க, காலைல..."

"தெரியும்னு சொன்னேன்ல." குனிந்து இடது காலின் விளிம்பைச் சுருட்டி ஏற்றி, பட்டைக்கு மேலே உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தையலை ஒட்டி வெள்ளையாக ஒரு கோட்டின் மிச்சம். "போடும்போதே பாத்தேன். சாக்பீஸ். கிளீனரு சாக்பீஸைத் தொடமாட்டா, சோப்புதான். அதுவும் வெளிப்பக்கம். உள்பக்கம் கோடு போடற ஆளு இந்த வீட்ல ஒருத்தர்தான்."

இவள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"கார்ல அவகிட்ட கேட்டேன். ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வந்தா. ஒரு வார்த்த சொல்லல." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "அதுக்கு முன்னாடி உன்கிட்டயும் கேட்டேன். ஏதாவது சொல்லணுமான்னு."

"பயமா இருந்துச்சுங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சீங்க. மறுபடி நின்னுடுமோன்னு."

"துணிதான? துணி போனா போவுது. துணிக்காகவா பேச்ச நிறுத்துவேன்?" விளிம்பை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரில யாருன்னு கேட்டப்ப, என் கண்ணப் பாத்து 'நான்தான்'னு சொன்ன. எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா? ஆனா அந்த ஒரு வார்த்தய நம்பித்தான் இந்த நாலு மாசம் உன் கையால வாங்கிச் சாப்பிட்டேன். இவ பொய் சொல்லமாட்டா, என்ன செஞ்சாலும் என் மொகத்துக்கு நேரா சொல்லுவான்னு. இன்னிக்கு என் பொண்ணு திட்டு வாங்குறா. நீ சொவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கற."

இவள் அழுதாள். சத்தம் வராமல் அழத்தான் அவளுக்குத் தெரியும். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"நானும் கூட வரேங்க. லாண்டரி எந்த ஊர்லயும் இருக்கும்."

"வேணாம். நீ இங்க இருந்து அவள படிக்க வை." பிறகு குளியலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கிளீனர்!"

குழாய் நின்றது. மகள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள எனக்கு ஜீன்ஸ் வேணும். பழசு போதும், இடுப்பு முப்பத்தாறு. இதே மாதிரி வலது காலை மூடிக் குடு. கோடு நீயே போடு."

"எத்தனப்பா?"

"நாலு."

மாதக் கணக்கில் ஓடும் பயணத்துக்குக்கூட இரண்டு பேண்ட்டோடு கிளம்பிப் போனவர் அவர். மூன்றாவது எதுக்கு, வீட்டுக்கு வந்தா நீ துவைச்சுத் தரப்போற என்பார். மகள் அளவு நாடாவை எடுக்கப் போனாள். இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நாலா என்று கேட்க வாயெடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவுக்கு என்ன வேணும்னு கேளு கிளீனர்" என்றார்.